தேத்தண்ணி கொடுக்காத வீடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு சாமத்திய வீட்டில், பெண்பிள்ளை பெரியவளானதற்கு வைத்த விருந்தில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தேனுஜா என்ற பெண் சொன்னது. அவள் வடக்கே ஒரு நாட்டுப்புற மாவட்டத்தில் முதியோர் பராமரிப்புப் படிக்கிறவள். தமிழ் ஆட்களுக்கு அலுவலகங்களில் மொழிபெயர்க்கவும் போவாள். கதை நல்ல இடத்துக்கு வந்த நேரம் பார்த்து யாரோ "படம் எடுக்கினம், எல்லாரும் மேடைக்கு வாங்கோ" என்று கூப்பிட்டார்கள். தன் சாப்பாட்டுத் தட்டை என் கையில் திணித்துவிட்டு அவள் ஓடிவிட்டாள். கதையின் முடிவும் அவளோடு போய்விட்டது. நான் அவளுடைய சோற்றுக்குக் காவல் நின்றேன்.

பிறகு தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்று கடைசியில் சொல்கிறேன் [மறந்துவிட்டால் என்னைத் திட்டுங்கள்].

2

முதல் தொடக்கம்:

"மங்கையற்கரசி அன்று காலை உழுந்து அரைத்தாள்."

மோசமில்லை. ஆனால் உழுந்தோடு தொடங்கினால் ஊர் நினைவு, அம்மாவின் கைமணம் என்று பேனா தானாக ஓடத் தொடங்கிவிடும். எனக்கு அந்த நோய் உண்டு. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"மாவட்டத்தின் சமூக உதவித் திணைக்களமானது பின்வரும் பிரிவுகளைக்"

இதை முடிக்க எனக்கே பொறுமை இல்லை.

மூன்றாவது: 2006 கோடை. உலகக் கிண்ணக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. கார்களிலும் யன்னல்களிலும் கொடி. அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில், உருளைக்கிழங்கு பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த நாகமுத்துவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மங்கையற்கரசி அவர் மனைவி. பக்கத்து ஊர்ப் பண்ணையில் காய்கறி பொதி செய்யும் கொட்டிலில் வேலை. காலையில் போனால் பின்னேரம்தான் வருவாள். பிள்ளைகள் இல்லை. அவள் இல்லாத நேரம் வீட்டுக்கு வந்து அவரைப் பார்க்க ஓர் ஆளை மாவட்டம் ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நாகமுத்து மாவட்டத் தலைநகரில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டும். அங்கே தமிழ் தெரிந்த ஒரு சீவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. கதையின் பிரச்சினை இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றையும் ஒளித்து வைக்கவில்லை.

இந்த இடத்தில் அந்த மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே ஆட்களைவிட மாடுகள் அதிகம். ஒழுங்காக ஓடுவது பள்ளிக்கூட பஸ் ஒன்றுதான். பள்ளிக்கு விடுமுறை என்றால் மாவட்டத்துக்கே விடுமுறை. ஆட்கள் அலுவலகத்துக்குப் போக வழியில்லாததால் அலுவலகம் ஆட்களைத் தேடிப் போகிறது. கிழமைக்கு ஒருநாள் ஊர்மன்றத்தின் பின்னறையில், தீயணைப்புத் தொண்டர்கள் வென்ற கிண்ணங்கள் அடுக்கிய அலுமாரிக்கு முன்னால், ஃபிராவ் ஹின்றிக்ஸ் என்ற அம்மையார் ஒரு மேசை போட்டு உட்காருவார். முதியோர், ஊனமுற்றோர், பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு, வாடகை கட்ட முடியாதவர்கள், குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன்மார், எல்லாத்துக்கும் அந்த ஒரே மேசைதான். மற்ற நாட்களில் மாவட்டத்தின் காரில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். பார்த்ததை எழுதுவார். அது மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டத்துக்குப் போகும். கூட்டத்தில் இருப்பவர்கள் ஒருவரும் நாகமுத்துவைக் கண்டதில்லை. ஃபிராவ் ஹின்றிக்ஸின் கண்தான் அவர்களுக்கும் கண்.

(* பெருநகரவாசிகள் சிரிக்க வேண்டாம். பேர்லினில் இலக்கச்சீட்டு எடுத்துக்கொண்டு கால்கடுக்க நின்றவர்களுக்கு, வீட்டு மணியை வந்து அடிக்கும் அலுவலகத்தின் அருமை தெரியும்.)

3

வெளியாள் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். அதுவும் அரசாங்க ஆள். மங்கையற்கரசி என்ன செய்வாள்? உங்கள் அம்மா என்ன செய்வாரோ, என் அக்கா என்ன செய்வாவோ, அதைத்தான் செய்தாள்.

யன்னல் சீலைகளைத் தோய்த்துப் போட்டாள். சக்கர நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்காரரின் கராஜில் கொண்டுபோய் விட்டாள். மலசலம் கழிக்கும் கதிரையை அலுமாரிக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு பூப்போட்ட துணி விரித்தாள். நாகமுத்துவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, சாய்மனைக் கதிரையில் தலையணைகளை முண்டு கொடுத்து இருத்தி, உயிரில்லாத வலது கையை மடியில் பதமாக வைத்தாள். அவருக்கு முன்கூட்டியே சாப்பாடும் வாயில் தீத்திவிட்டாள். வந்தவருக்கு முன்னால் தீத்துவது அழகில்லை. பிறகு உழுந்து வடை, பற்றிஸ், தேத்தண்ணி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே. அவள் ஒரு முழு மனிதனின் வருத்தத்தை வடைத்தட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டாள். பொய் சொல்ல அவள் நினைக்கவேயில்லை. வந்த ஆளுக்கு முகம் சுளிக்க ஒன்றும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"தனியாக முகம் கழுவ, உடுப்பு மாற்ற முடிகிறதா?" என்று ஃபிராவ் ஹின்றிக்ஸ் கேட்டார்.

"யா, யா. கைன் ப்ரொப்ளேம்," என்றார் நாகமுத்து. ஒரு பிரச்சினையும் இல்லையாம். தொழிற்சாலையில் மேற்பார்வையாளருக்குச் சொல்லிப் பழகிய பதில் அது. மங்கையற்கரசி புருசனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, பிறத்தியாருக்கு முன்னால் அவரை மறுத்துப் பேசலாமா என்று, அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஃபிராவ் ஹின்றிக்ஸ் வடையை ரசித்துச் சாப்பிட்டு, செய்முறையும் கேட்டுக்கொண்டு போனார். சில கிழமைகளில் பதில் வந்தது: வீட்டில் ஒழுங்கு நன்றாக இருக்கிறது, உதவி தேவையில்லை.

4

இப்போது என் சங்கடத்தைச் சொல்கிறேன். முதல் பிரதியில் ஃபிராவ் ஹின்றிக்ஸை நான் வில்லியாக எழுதினேன். "மெல்லிய உதடு, ஈரமில்லாத கண், அவர் சிரித்தால் கூட" என்று அமளியாகப் போய்க்கொண்டிருந்தது. எழுதுவதற்குச் சுகமாகவும் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி, பாவப்பட்ட தமிழ்க் குடும்பம். நம் வாசகர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். [அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். "அவர் சிரித்தால் கூட" என்ன ஆகும் என்று இனி உலகத்துக்குத் தெரியப்போவதில்லை.]

கிழித்ததற்குக் காரணம் தேனுஜா சொன்ன ஒரு விசயம். மறுப்பு வந்த பிறகு மங்கையற்கரசி அவளைப் பிடித்தாள். தேனுஜா நேரே ஊர்மன்றப் பின்னறைக்குப் போய், கராஜ், பூப்போட்ட துணி, தலையணை முண்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ஃபிராவ் ஹின்றிக்ஸ் நெற்றியில் கையை வைத்தாராம்.

"இந்த ஊர்ப் பண்ணைகளின் கமக்காரக் கிழவிகளும் இதே வேலைதான் செய்வார்கள்," என்றாராம் பிறகு. "என் காரைக் கண்டதும் ஊன்றுகோலை ஒளித்துவிடுவார்கள். ஆனால் எனக்குத் தரும் கேக் கடையில் வாங்கியதாக இருக்கும். வீட்டில் கேக் செய்ய முடியவில்லை என்றால் நிலைமை மோசம் என்று எனக்கு விளங்கிவிடும். உங்கள் வீட்டில் அவ்வளவு அருமையான பலகாரத்தைப் பார்த்ததும், எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நம்பிவிட்டேன். மறுப்புக்கு எதிராக எழுதிக் கொடுங்கள். நான் திரும்பவும் வருகிறேன்."

இதைக் கேட்ட பிறகு எப்படி ஐயா வில்லியாக எழுதுவது?

5

தேனுஜா மங்கையற்கரசிக்குப் பாடம் எடுத்தாள்.

"அக்கா, இந்தமுறை ஒண்டும் செய்யாதேங்கோ. வீடு கூட்டாதேங்கோ. அண்ணைக்குச் சவரம் வேண்டாம். சக்கரக் கதிரையும் மற்றக் கதிரையும் நடு அறையிலயே கிடக்கட்டும். முக்கியமா, தேத்தண்ணி குடுக்காதேங்கோ."

"தேத்தண்ணியும் இல்லாமலோ? வீட்டுக்கு வாற மனுசியை வெறும் வாயோட அனுப்பிறதே?"

"அவ விருந்துக்கு வரேல்லை அக்கா. வேலைக்கு வாறா. நீங்கள் தேத்தண்ணி குடுத்தால் உடனை விருந்தாளி ஆயிடுவா. பிறகு அண்ணையும் வீட்டுக்காரர் ஆகி, ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லிடுவார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், தெரியுமெல்லே?"

"அழ எனக்கு வெக்கம் இல்லைப் பிள்ளை," என்றாள் மங்கையற்கரசி. "அவருக்குத்தான்."

6

இரண்டாவது வருகை. மணி அடிக்கும் முன்பே மங்கையற்கரசியின் கைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மேசையைத் துடைத்தாள். துடைத்தது பிழை என்று பழைய பேப்பரை மறுபடி பரப்பினாள். பரப்பியது கள்ளவேலை மாதிரித் தெரியவே, அதையும் எடுத்தாள். நாகமுத்து சவரம் செய்யாத முகத்தோடு சுவரைப் பார்த்தபடி படுக்கையில் கிடந்தார். காலையிலிருந்து அவளோடு பேச்சு இல்லை.

ஃபிராவ் ஹின்றிக்ஸ் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தேனுஜா நின்றாள். தேத்தண்ணி இல்லாத வீட்டில் பேச்சை எப்படித் தொடங்குவது என்று மங்கையற்கரசிக்குத் தெரியவில்லை.

நாகமுத்து சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "இஞ்சாரும். வந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடும்."

அவள் அசையவில்லை.

"குடும் எண்டு சொல்லுறனெல்லே."

"இல்லை. இண்டைக்குக் குடுக்கேல்லை," என்றாள். இத்தனை வருடக் கலியாணத்தில் பிறத்தியாருக்கு முன்னால் அவர் சொல்லை அவள் தட்டியது அன்றுதான்.

"அப்ப நான் போடுறன்," என்று நாகமுத்து இடது கையால் போர்வையை இழுத்தெறிந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். என் மேசையில் மூன்று வழிகள் கிடக்கின்றன.

வழி அ: அவர் எழும்பி, தடுமாறி, விழுகிறார். ஃபிராவ் ஹின்றிக்ஸ் பார்க்கிறார். உதவி கிடைக்கிறது. நாடகத்துக்கு நல்லது. ஆனால் வாதத்தில் விழுந்த மனிதனைக் கதைக்காக இன்னொரு தடவை விழுத்த எனக்கு மனம் வரவில்லை.

வழி ஆ: அவர் மன உறுதியால் எழும்பி, அடுப்படிக்கு நடந்து, தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறார். வாசகர் கைதட்டுகிறார். உதவி கிடைக்காது. மன உறுதியைப் புகழ்வதற்கு யாருக்கும் செலவில்லை.

வழி இ, தேனுஜா சொன்னது: அவர் கட்டில் ஓரம்வரை வந்தார். இடது கால் நிலத்தில் பட்டது. வலது கால் வரவில்லை. தன் காலை வேறொருவருடைய கால் போலப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

"ஏலாது," என்றார்.

அவர் வாயில் அந்தச் சொல்லை மங்கையற்கரசி அதற்கு முன் கேட்டதில்லை. தேனுஜா மொழிபெயர்த்தாள். ஃபிராவ் ஹின்றிக்ஸ், "என்னென்ன முடியாது? அவசரமில்லை, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்," என்றார்.

நாகமுத்து மனைவியைப் பார்க்காமல், தேனுஜாவைப் பார்த்துச் சொன்னார்: "இவ வேலைக்குப் போற நாளில நான் தண்ணி குடிக்கிறேல்லை."

தேனுஜா மொழிபெயர்க்க வாய் திறக்குமுன் அவர் தொடர்ந்தார்.

"குடிச்சால் போக வேணும். தனியப் போக ஏலாது. நனைச்சுப்போட்டுக் கிடந்தால், களைச்சு வாற மனுசி வந்த உடனை அதையெல்லே தோய்க்க வேணும். இவ வைச்சிட்டுப் போற போத்தில் தண்ணியைக் கட்டில் பக்கத்து யன்னல் பூச்சாடிக்கு ஊத்திப்போடுவன்."

அந்தப் பூச்செடி தழைத்து நின்றதைத் தன் கைராசி என்று மங்கையற்கரசி கொட்டிலில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவள். வெறும் போத்திலைப் பின்னேரங்களில் எடுத்துக் கழுவும்போது, நல்லாக் குடிக்கிறார் என்று சந்தோசப்பட்டவள்.

"உங்களுக்கு விசரே?" என்று அவள் கத்தினாள். "நாக்கு வறண்டு செத்துக்கித்துப் போயிருந்தால்?" கத்திக்கொண்டே அழுதாள். கோபமும் பாசமும் ஒரே நேரத்தில் வந்ததில் எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாகமுத்து இடது கையை நீட்டி அவள் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

தேனுஜா ஒருவழியாக எல்லாவற்றையும் ஜெர்மனில் சொல்லி முடித்தாள். ஃபிராவ் ஹின்றிக்ஸ் பேனாவை மூடி வைத்தார். யாரையும் கேட்காமல் எழும்பி அடுப்படிக்குப் போனார். அலுமாரிக் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு கிளாஸ் தண்ணீரோடு திரும்பி வந்து அவரிடம் நீட்டினார்.

"இப்போது உங்கள் மனைவி வீட்டில்தான் இருக்கிறார். குடியுங்கள்."

அவர் குடித்தார்.

இந்த இடத்தில்தான் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

7

நான் ஏன் தேனுஜாவிடம் மிச்சத்தைக் கேட்கவில்லை? கேட்டால் ஒரு முடிவு கிடைக்கும். அது நல்லதென்றால் நீங்கள் "அப்பாடா" என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கெட்டதென்றால் "இந்த நாடே இப்படித்தான்" என்று மூடிவிடுவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு வேலையில்லை. அதற்கு எனக்குச் சம்மதமில்லை.

எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. எழுதப்போவது ஃபிராவ் ஹின்றிக்ஸ். இந்தமுறை அவர் வடையைப் பார்க்கவில்லை, மனிதரைப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் எழுதியது தலைநகரக் கூட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே சொல்வார்கள்: அந்த ஊருக்கு அனுப்ப ஆள் இல்லை, தூரம் அதிகம், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகத்தானே இருக்கிறது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. சொல்பவர்களும் கெட்டவர்கள் இல்லை. பகல் முழுக்க ஓர் ஆளை அனுப்பலாம். மத்தியானம் மட்டும் ஒரு நடை அனுப்பலாம். ஒருவரையும் அனுப்பாமலும் விடலாம்.

அந்தக் கூட்டத்தில் உங்களுக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறேன். உட்காருங்கள். இந்த மேசையில் இருப்பவர்களில் நாகமுத்துவைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் நீங்கள்தான். நாளைக்கும் மங்கையற்கரசி வேலைக்குப் போகிறாள். அவர் தண்ணீர் குடிக்கலாமா, கூடாதா? சொல்லுங்கள்.