இரண்டு முடிச்சு

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கப்பல் வந்தது. மாப்பிள்ளை வரவில்லை.

கொக்கோ தீவிலிருந்து வந்த கப்பலிலிருந்து தேங்காய் மூட்டைகள் இறங்கின, லீவில் வந்த டீச்சர்கள் இறங்கினார்கள். தம்பி கணேஷ்குமாரை மட்டும் காணோம். ரங்கூனின் அலோன் படகுத்துறையில் காலையிலிருந்து குடை பிடித்து நின்ற சாந்தி, கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினாள். மத்தியானம்தான் தீவில் சிக்னல் கிடைத்து அவனே கூப்பிட்டான்.

"மாத்து ஆள் வரலக்கா. ஆபீசைப் பூட்டிட்டா போவேன்னு கேக்குறாரு பெரிய ஆபீசரு. லீவு இல்லேன்னுட்டாரு."

கொக்கோ தீவும் ரங்கூன் மாநிலத்தைச் சேர்ந்த டவுன்ஷிப்தான். எவ்வளவு 'சேர்ந்தது' என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். நடுவே அத்தனை கடல். பக்கத்து வீடு என்று சொல்வதானால் இந்தியாவின் அந்தமான்தான். நீளவாக்கில் பத்து கிலோமீட்டர், ஆயிரத்துச் சொச்சம் ஜனம், மீதியெல்லாம் தென்னை. ஆனாலும் டவுன்ஷிப் என்று பெயர் வைத்தாயிற்று, ஆபீஸ் இல்லாமல் முடியுமா? அங்கே மின்சார ஆபீசுக்கு மூன்று வருஷமாக கணேஷ்குமார் ஒருவன்தான் குமாஸ்தா.

சாந்தி இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே அவனை மீட்கத்தான். தாய் தகப்பன் போனபின் ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் தையல் மிஷினை மிதித்து அவனை ஆளாக்கியவள் அவள். மனைவி ரங்கூனில் இருந்தால் மாற்றல் கேட்டு எழுதலாம். மனைவியும் தீவுக்கே போய்விட்டால்? குடும்பத்தோடு தங்கச் சம்மதிக்கிற ஆளை எந்த ஆபீஸ் விடும்?

"தேதியைத் தள்ளிப் போடுவோம் மாமா," என்றாள், தாமுவே பேட்டையில் பெண்ணின் அப்பா செல்லக்கண்ணுவிடம்.

"எதுவரைக்கும்? மழை புடிச்சுட்டா தீபாவளி வரைக்கும் கப்பலை நம்ப முடியாது. பந்தக்கால் நட்டாச்சு சாந்தி. ஊர் வாயை நீ மூடுவியா?"

பெண் சத்யபாமா போன் கடையில் வேலை பார்ப்பவள். பர்மிய மொழி சரளம், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அன்று தடுமாறவில்லை.

"அவரு வர முடியலேன்னா நான் போறேன் அண்ணி. கப்பல் அடுத்த வாரம் திரும்பத்தானே போகுது."

அதற்கும் முட்டுக்கட்டை இருந்தது. நினைத்தவர்களெல்லாம் தீவுக்குப் போக முடியாது. ஊழியரின் மனைவியை ஏற்றுவார்கள், மனைவியாகப் போகிறவளை ஏற்ற மாட்டார்கள். தாலி இல்லாமல் கப்பல் இல்லை, கப்பல் இல்லாமல் தாலி இல்லை.

வட்டாரத் தலைவர் ஊ டின் மாங்கிடம் போனார்கள். தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் உட்காருகிற மனுஷர். "இவ அவன் பொண்டாட்டின்னு தெருவே சொன்னா நான் எழுதித் தர்றேன்," என்றார் பர்மிய மொழியில். "ஆனா உங்க வழக்கத்துல முடிச்சு ஒண்ணு போடணுமே?"

"மூணு," என்ற பாமா, சாந்தியின் பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ளை போடுறது முதல் முடிச்சுதானே? மத்த ரெண்டும் நாத்தனார்தானே அண்ணி?"

சாந்திக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை இல்லாமல் தாலி கட்டுகிற வழக்கமே கிடையாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோயில் பூசாரியும் தலையாட்டுவார். கல்யாணம் தள்ளிப்போகும். தம்பி என்றைக்காவது வீடு வருவான்.

"பூசாரியைக் கேட்டுச் சொல்றேன்," என்று எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் கணேஷ்குமார் கூப்பிட்டான். "அக்கா, பாமா இங்க வர்றாளாமே? ஆமை முட்டை போட கரைக்கு வரும்க்கா, அவளுக்குக் காட்டணும்."

மூன்று வருஷமாக மழையையும் மின்கம்பத்தையும் தவிர வேறு பேச்சே பேசாத பிள்ளை. சாந்திக்கு ஆத்திரமாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது. போனை வைத்துவிட்டு பூசாரி வீட்டுக்கு நடந்தாள்.

குறித்த நாளில் மாப்பிள்ளை மணையில் அவன் வேட்டியையும் துண்டையும் மடித்து வைத்தார்கள். முதல் முடிச்சுக்கு முன்னால் மற்ற இரண்டா, வரிசை தப்பு என்று பூசாரி முணுமுணுத்தார். மேளம் கொட்டியது. சாந்தி முதல் முடிச்சுக்குக் கயிற்றில் இடம் விட்டு, இரண்டு முடிச்சுப் போட்டாள். தெரு அட்சதை தூவியது. ஊ டின் மாங் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதம் எழுதினார்.

அலோன் துறையில் அதிகாரி கடிதத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், போகலாம் என்று கை காட்டினார்.

"அவரைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன் அண்ணி," என்றாள் பாமா. கண் கலங்கியிருந்தது.

"கூப்பிட்டா வர்றவனா இருந்தா மூணு வருஷமா நான் கூப்பிட்டப்பவே வந்திருப்பான். அவனுக்கு அந்த ஊரு புடிச்சிருக்கு. நீ அங்கயே நல்லா இரு."

சொன்னபின்தான் அது உண்மை என்று அவளுக்கே உறைத்தது. பையிலிருந்து கல்யாணச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"பழைய அளவுலதான் தைச்சேன். இப்போ எப்படி இருக்கானோ தெரியல. பத்தலேன்னா பக்கத் தையலைப் பிரிச்சு விடும்மா. உள்ளே துணி விட்டிருக்கேன்."