ஆல்வினுக்கு எந்தப் புத்தகம்

மே மாதம் பதினெட்டாம் தேதி பள்ளியிலிருந்து போன் வந்தது. இரண்டு பிள்ளைகளின் இடத்தையும் வைத்திருப்பதா, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று முப்பதாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். அன்பரசி "சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். ஆல்வினுக்கு ஒன்பது வயது, சிநேகாவுக்கு ஆறு, கடைக்குட்டி ஏசுதாஸுக்கு நான்கு. கணவன் கிருபாகரன் கல்பாக்கத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். புதுப்பட்டினத்தில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் வாடகை வீடு.

போன வருடம் ஆல்வின் மூன்றாம் வகுப்பில் இருந்தான். இங்கிலீஷ் வாசிக்க வராது. எழுத்துகளைப் பார்த்ததும் வாய் கட்டிக்கொள்ளும். வகுப்பு மிஸ் அவனைத் தினம் ஒரு மணி நேரம் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அதே ஒன்றாம் வகுப்பில்தான் தங்கை சிநேகா இருந்தாள். நவம்பரிலிருந்து, காலையில் பள்ளி வேனின் ஹாரன் கேட்டதும் ஆல்வின் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஜனவரியில் அவனை நிறுத்தினார்கள். "அண்ணன் மட்டும் வூட்லயா?" என்று சிநேகா இரண்டு நாள் அழுததால் அவளையும் நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் வாந்தி நின்றுவிட்டது.

அதன்பிறகு பழைய இங்கிலீஷ், கணக்குப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அன்பரசி ஏதோ சொல்லிக்கொடுத்தாள். ஆனால் கிருபாகரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

"ஜூன்லேர்ந்து ஒழுங்கா ஒரு சிலபஸ் இருக்கணும் அன்பு. இல்லன்னா ரெண்டு பேரையும் திருப்பிச் சேத்துடலாம். இப்படியே ஓட்டிகினு இருக்க முடியாது."

அவன் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

செங்கல்பட்டு சபையில் ஜாய்ஸ் அக்கா என்று ஒருவர். நான்கு பிள்ளைகள், ஐந்து வருடமாக எல்லோரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். அடுத்த நாள் அன்பரசி திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள். முன்னறை முழுக்கப் புத்தக அலமாரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் தனித்தனி அட்டவணை. நான்கு பேரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஜாய்ஸ் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார். அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ நிறுவனம் போட்ட பாடத்திட்டம். கணக்குப் புத்தகத்தில்கூடப் பக்கத்துக்குப் பக்கம் வசனம். வாசிப்புப் புத்தகத்தின் முதல் படத்தில் ஒரு பையன் பனியில் கையுறை போட்டுக்கொண்டு நின்றான்.

"எங்க சின்னது இதை முடிச்சிட்டா. நீ எடுத்துகினு போ. முடிச்சிட்டுத் திருப்பிக் குடு போதும். முதல்ல இந்த லெவல் டெஸ்ட் வை. யார் எந்தப் புக்குலேர்ந்து ஆரம்பிக்கணும்னு அதுவே சொல்லும்."

அன்பரசிக்கு மிகவும் பிடித்தது தாய்மாருக்கான கைப்புத்தகம். ஒவ்வொரு நாளும் அம்மா என்ன சொல்ல வேண்டும், பிள்ளை என்ன பதில் சொல்லும், பதில் தப்பாக வந்தால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருந்தது. திருமணத்துக்கு முன்னும் பின்னுமாக ஆறு வருடம் அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அங்கே எந்த முடிவுக்கும் பக்கத்திலேயே, எதிலிருந்து எதுவரை இருந்தால் சரி என்று அச்சடித்திருக்கும். பிள்ளைகள் விஷயத்தில் அப்படி யாராவது அச்சடித்துக் கொடுக்க மாட்டார்களா என்று நான்கு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பைத் திறந்தாள். வீட்டில் படிக்க வைக்கும் தாய்மார்களின் குழு அது. ஏழு வயதுவரை புத்தகமே வேண்டாம் என்று ஒருத்தி. இப்போதே ஆரம்பிக்காவிட்டால் பிடிக்கவே முடியாது என்று இன்னொருத்தி. அரசுப் புத்தகம் விசுவாசத்துக்கு ஆகாது என்று ஒருத்தி. வெளிநாட்டுப் புத்தகம் படித்தால் பிள்ளைகள் இந்த ஊரிலேயே அந்நியர்களாகிவிடுவார்கள் என்று வேறொருத்தி. எல்லோரும் கடைசியில் 'ஆமென்' போட்டிருந்தார்கள். யார் சொல்வதைப் படித்தாலும் அது சரியென்றே அவளுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது அவளுடைய அப்பா வரதன் வாசலில் காத்திருந்தார். படாளத்தில் கூலி வேலை செய்துகொண்டே நான்கு பெண்களையும் படிக்க வைத்தவர். அவருக்கு இன்னும் கையெழுத்து மட்டும்தான் போட வரும். எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"புக்கு நைனா. புள்ளைங்க வூட்லயே படிக்க."

"வூட்லயா?" அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பள்ளிக்கூடம் போவாத புள்ளைங்கன்னா அது எங்களோட முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிகினு இருந்தேன். உன்ன சேக்கறதுக்கு ஹெட்மாஸ்டர் வூட்டு வாசல்ல நான் எத்தினி நாள் நின்னேன் தெரியுமா? நீ இன்னான்னா, இருக்கற எடத்தை வேணான்ற."

"ஆல்வினுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு நைனா. நீங்க பாக்கல."

"பாக்கலதான்" என்றார் அவர். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவர் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குப் பேசியிருப்பாள். பேசாமல் போனதால், அன்று மாலைவரை எந்த வேலை செய்தாலும் கைக்குப் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஜெபம் செய்துவிட்டு டெஸ்ட் வைத்தாள். நாற்பது கேள்விகள். ஆல்வினும் சிநேகாவும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினார்கள். சிநேகா பாட்டு முனகிக்கொண்டே எழுதினாள். ஆல்வின் பென்சிலை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசையப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் தாஸ் வந்து பேப்பரை இழுத்தபோது கோபப்படக்கூட இல்லை.

அன்பரசி திருத்தினாள். கைப்புத்தகத்தின் பட்டியலோடு ஒப்பிட்டாள். சிநேகா முதல் புத்தகம். ஆல்வினும் முதல் புத்தகம். மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். கூட்டலில் தப்பில்லை. சிநேகாவைவிட அவனுக்கு மூன்று மதிப்பெண் குறைவு.

சிநேகா எட்டிப் பார்த்துவிட்டாள். "ஐ! அண்ணனும் நானும் ஒரே கிளாஸ்!" என்று குதித்தாள்.

ஆல்வின் பென்சிலை டப்பாவில் வைத்து மூடினான். "வா தாசு, வெளியில போலாம்" என்று தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்பரசி இரண்டு தாள்களையும் மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு முதல் புத்தகத்தைத் திறந்து பிள்ளைகளைக் கூப்பிட்டாள். சிநேகா வந்தாள். ஆல்வின் பாத்ரூமுக்குப் போனான். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. முந்தைய நாள் மீன் சேரவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவனுக்கு மோர் கொடுத்துப் படுக்க வைத்தாள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவன் எழுந்து விளையாடினான்.

வியாழக்கிழமை இட்லி மட்டும்தான் சாப்பிட்டிருந்தான். பத்து மணி. "ஆல்வின், வாப்பா" என்றாள். மறுபடியும் அதே சத்தம்.

பள்ளியிலிருந்துதான் அவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தோம் என்று நினைத்திருந்தாள். இப்போது இந்த வீட்டில் ஹாரனும் இல்லை, மிஸ்ஸும் இல்லை. அவளுடைய குரல் மட்டும்தான் இருந்தது.

பாத்ரூமுக்குள் போய் அவன் முகத்தைக் கழுவிவிட்டாள். அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மம்மி."

"இன்னாப்பா?"

"ஸ்கூல்ல ஃபெயில் ஆனேன், வூட்டுக்குக் கூட்டினு வந்துட்டீங்க. வூட்லயும் ஃபெயில் ஆனா எங்க அனுப்புவீங்க?"

ஈரத்தோடு அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்றாள். "எங்கயும் அனுப்ப மாட்டேன்டா." அவன் நம்பினானா என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

கிருபாகரனுக்குப் போன் செய்ய முடியாது. வேலை நடக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அவள் ஜாய்ஸுக்குப் போட்டாள். நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள். ஜாய்ஸ் வசனம் சொல்வார், ஜெபிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"என் ரெண்டாவது பொண்ணு ஒரு வருஷம் முழுக்க அழுதா" என்றார் ஜாய்ஸ். "அந்தப் புக்கை எடுத்தாலே அழுவா. நான் வுடல."

"ஏங்கா?"

"நாலு பேருக்கும் ஒரே செட்டு புக்குன்னா எனக்குச் சுலபம். அதான். சபையில சொல்லல. சொன்னா, நாங்க அப்பவே சொன்னோமேன்னு கிளம்பிடுவாங்க. இப்பவும் அவ எங்கிட்ட சரியாப் பேசறதில்ல அன்பரசி." "பெட்டியைத் திருப்பிக் குடுத்துடு. நான் ஒண்ணும் தப்பா நெனக்க மாட்டேன்."

அந்த அலமாரியும் அட்டவணைகளும் தலை குனிந்த நான்கு பிள்ளைகளும் அவள் கண்முன் வந்தார்கள். பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்று யாருக்குமே தெரியாது போலிருக்கிறது என்று நினைத்ததும் பயம் இன்னும் கூடியது.

சாயங்காலம் கிருபாகரன் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அவள் சொல்லிவிட்டாள்.

"அப்ப ஸ்கூலும் வேணாம், வூடும் வேணாம்னா, பையன் எங்கதான் படிப்பான்?" என்று அவன் கத்தினான்.

"அதையேதான் அவனும் கேக்கறான்" என்று ஆல்வின் கேட்டதை அப்படியே சொன்னாள்.

கிருபாகரன் நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "டெஸ்ட்டெல்லாம் இங்கிலீஷ்லதானே வெச்ச? தமிழ் படிக்கிறானா?" என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் அதை அவள் பார்க்கவே இல்லை.

அரசுப் பள்ளியின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் போனில் இறக்கி, வகுப்பின் பெயர் இருந்த பக்கத்தைத் தள்ளிவிட்டு ஆல்வினிடம் கொடுத்தார்கள். அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. நெடிலைக் குறிலாக்கினான், ஒரு வரியை இரண்டு முறை படித்தான். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தப்பு வந்தபோது "இரு, இரு" என்று தானே திரும்பிப் போனான். வாய் கட்டிக்கொள்ளவில்லை.

"ஒம்பது வயசுல ரெண்டாங்கிளாஸ் புக்கா?" என்று கிருபாகரன் அடுக்களையில் தணிந்த குரலில் கேட்டான்.

"எது வருதோ அதுலேர்ந்து ஆரம்பிக்கறேன். கணக்கு நானே சொல்லித் தரேன், அது அவனுக்கு வரும். இங்கிலீஷ் மட்டும் கிறிஸ்துமஸ் வரைக்கும் வேணாம்."

"கிறிஸ்துமஸுக்கு அப்புறமும் வரலன்னா?"

"தெரியலங்க" என்றாள். அது உண்மை.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சிநேகா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான்?" என்றாள். "எனக்கு ஸ்கூல் வேணும். அதிதி பக்கத்துல வேற யாராவது ஒக்காந்துடுவாங்க."

அதிதி வகுப்பில் அவள் பக்கத்துப் பெண். ஐந்து மாதத்தில் சிநேகா அந்தப் பெயரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அன்பரசிதான் அதைக் காதில் வாங்கவில்லை. மூன்று பேருக்கும் ஒரே வழி, ஒரே ஜெபம், ஒரே புத்தகம் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். இப்போது தங்கை சீருடை போட்டுக்கொண்டு போனால், வீட்டில் இருக்கும் அண்ணனுக்கு எப்படி இருக்கும்? அவனிடம் கேட்க இரண்டு நாள் பயந்தாள். கடைசியில் கிருபாகரன்தான் கேட்டான்.

ஆல்வின் யோசித்தான். "போவட்டும். ஆனா அங்க படிச்சத எங்கிட்ட வந்து ஒப்பிக்கக் கூடாது."

"ஒப்பிக்க மாட்டேன்" என்றாள் சிநேகா.

முப்பதாம் தேதி அன்பரசி பள்ளிக்குப் போன் செய்தாள். "பொண்ணு வருவா. பையன் இடத்தை யாருக்காவது குடுத்துடுங்க மேடம்."

"பையன் இன்னா பண்ணப்போறான்?"

"வூட்ல படிப்பான்."

"எந்த சிலபஸ்?"

"அவனுக்கு எது வருதோ, அது" என்றாள். அந்தம்மா "உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார். ஒரு பிள்ளையின் இடத்தைத் தானே விட்டுக்கொடுத்திருக்கிறாள். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தவித்தாள். சொன்னபோது அவர், "பொண்ணையாச்சும் அனுப்புறியே" என்றார். ஆல்வினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. வேன் வந்து சிநேகாவை ஏற்றிக்கொண்டு போனது. அந்த முதல் வாரத்தில் ஆல்வின் இரண்டு நாள் வாந்தி எடுத்தான். அந்த இரண்டு நாளும் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. பொட்டுக்கடலையைத் தட்டில் கொட்டி, பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொல்லிக் கணக்குப் போட்டார்கள். தாஸ் பாதியைத் தின்றான். அதன்பிறகு வாந்தி வரவில்லை. இன்று வருமோ என்று தினம் பத்து மணிக்கு அவள்தான் பாத்ரூம் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை கடைசியில் ஒருநாள் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது முன்னறையில் ஆல்வினின் குரல் கேட்டது. யாரும் சொல்லாமலே தாஸுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நரி ஒன்று கிணற்றடிக்கு வந்திருந்தது. அங்கே ஒரு நீளமான வார்த்தையில் அவன் மாட்டிக்கொண்டான்.

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்று தாஸ் நச்சரித்தான்.

"இருடா, இன்னும் கூட்டல."

போய் உதவலாமா என்று அன்பரசிக்குத் தோன்றியது. கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு போகாமல் அங்கேயே நின்றாள். அவன் மூன்று முறை தப்பாகச் சொல்லி, நான்காவது முறை அந்த வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.