புள்ளி விழுந்த குஞ்சு

2024ஆம் ஆண்டு ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பரசுராமனின் குறை இதுதான்: அவர் வீட்டு வேப்பமரத்தில் ஒரு காகக் குடும்பம் பட்டப்பகலில் ஏமாற்றப்படுகிறது; கேட்பதற்கு நாதியில்லை.

சிப்காட் ஆலைகள் கழித்துப் போட்ட கம்பித் துண்டுகளால் அந்தக் காகங்கள் கூடு கட்டியிருந்தன. குயிலொன்று அதில் முட்டையிட்டுவிட்டுப் போயிற்று. பொரிந்து வளர்ந்த குஞ்சுக்கு உடலெங்கும் புள்ளிகள். ஆனாலும் அது காகக் குரலில் கரைந்து வாயைப் பிளந்தது. காகங்கள் பறந்து பறந்து ஊட்டின. தம் சொந்தக் குஞ்சு இளைத்து மாண்டதைக்கூட அவை பொருட்படுத்தவில்லை. காப்பியடித்தவர்களை எழுப்பி நிறுத்தியே பழகியவருக்கு இந்த மோசடி பொறுக்கவில்லை. கூட்டைக் கலைக்கத் துரட்டியைத் தூக்கிவிட்டார்.

"வாத்தியாரே, காக்காவுக்கும் பரீட்ச வெக்கிறீங்களா?" என்று மனைவி குப்பம்மாள் சமையலறையிலிருந்தே சிரித்தாள்.

"அது அவற்றின் குஞ்சே அன்று! குரலை மாற்றி ஏய்க்கிறது. வேற்றார் கூட்டில் அதற்கு என்ன உரிமை?"

சொல்லி முடித்த பிறகுதான் வாசற்படியில் தேவதர்ஷினி நிற்பதைக் கண்டார். அவர் மகன் சென்ற மாதம் மணந்துகொண்ட சோனியாவுக்கு முதல் கணவரால் பிறந்தவள், ஏழு வயது. வந்த நாள்முதல் அவரை எப்படி அழைப்பதென்று தெரியாமல், எப்படியும் அழைக்காமலே வளையவந்தாள்.

"காக்காவுக்குத் தெரிஞ்சுட்டா அதத் தொரத்திடுமா?"

கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். கேட்டுவிட்டு, அவரைப் போலவே தொண்டையைச் செருமினாள். அவர் மாலையில் முற்றத்தில் உலாவும்போதெல்லாம் பின்னால் இதே நடையில் வந்தவள்தான். கேலி செய்கிறாள் என்றெண்ணி முறைத்திருக்கிறார். கேலி அன்று; வாயைப் பிளந்து காத்திருந்திருக்கிறாள்.

துரட்டி கனத்தது. மேலே ஒரு காகம் வந்திறங்கிப் புள்ளிக் குஞ்சின் வாய்க்குள் அலகை முழுவதும் நுழைத்தது.

"தெரிஞ்சாலும் தொரத்தாதும்மா."

"யாரு சொன்னா?"

"தாத்தா சொல்றேன்."

"ஐய, வாத்தியாரு நம்மள மாரி பேசறாரு!" என்றாள் உள்ளேயிருந்து குப்பம்மாள்.

அவர் துரட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் சிறிய காலடிகள் கேட்டன.

வாசகரே, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்து, வேப்பமரத்தடியில் ஒரு பெரியவரும் ஒரு சிறுமியும் ஒரே நடையில் உலாவுவதைக் கண்டால், எவர் பிள்ளை என்று விசாரிக்காதீர்கள். "அப்படியே தாத்தா சாயல்" என்று அவள் காதில் விழும்படி உரக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.