குண்டூசி தவழ்ந்த திசை

1
இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதாதே என்று ஒருத்தி சொன்னாள். என் தங்கை. கதை அங்கேதான் பிறந்தது.

முதல் தொடக்கம்: ‘கருவறையின் இருளில், ஒரு வைரஸ் மெல்ல மெல்ல...’ (அடித்துவிட்டேன். படித்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவாள்.)

இரண்டாவது: கர்ப்பமாக இருந்தபோது தங்கைக்கு வெறும் ஜலதோஷம் போல ஒரு வைரஸ் வந்துபோனது. போகும்போது வயிற்றிலிருந்த பெண்ணையும் தொட்டுவிட்டுப் போனது. அவளுக்கு இப்போது பதினான்கு மாதம். இடது காது கேட்காது. கால்களில் விறைப்பு. இன்னும் தவழவில்லை. பார்வை மட்டும் குத்தும் என்பதால் வீட்டில் அவள் பெயர் குண்டூசி.

2
பிசியோதெரபிஸ்ட் ஆறடி மனிதர். குண்டூசியை மெத்தையில் குப்புறப் போட்டுவிட்டு, தானே பூனையாகித் தவழ்ந்து காட்டினார்.

“நீங்களும் வாங்க சார். ஒரு பூனைய மட்டும் பாத்தா குழந்தைக்கு நம்பிக்கை வராது.”

நானும் மண்டியிட்டேன். தங்கையின் கணவரும் மண்டியிட்டார். என் பேண்ட் கிழிந்தது. [எங்கே என்பது கதைக்குத் தேவையில்லை.] நான் குண்டூசியின் இடப்பக்கம் போய் உயிரைக் கொடுத்து மியாவ் என்றேன். அவள் திரும்பவே இல்லை.

“அண்ணா, அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து கத்து” என்றாள் தங்கை.

வலப்பக்கம் வந்து கத்தினேன். திரும்பினாள். பரீட்சைத்தாள் திருத்துகிறவள் போலப் பார்த்தாள்.

3
“என்கிட்ட இருந்துதானே இவளுக்குப் போச்சு” என்றாள் தங்கை, யாரையும் பார்க்காமல்.

(இங்கே அவளை அழவைக்கத் திட்டமிட்டிருந்தேன். மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.)

நாலு காலில் நின்றபடியே பிசியோதெரபிஸ்ட் சொன்னார்: “உங்ககிட்ட கேட்டுட்டா வந்துச்சு? உங்க மேல தப்பே இல்லம்மா. குழந்தையப் பாருங்க.”

4
முடிவு (அ): குண்டூசி பாய்ந்து வந்து அம்மாவின் மடியில்... பொய்.

முடிவு (ஆ): அசையவே இல்லை. அதுவும் பொய்.

நடந்தது இது. இரண்டு உள்ளங்கையையும் ஊன்றினாள். முகம் சிவக்க முக்கினாள். நகர்ந்தாள். பின்பக்கமாக.

“அண்ணா, ரிவர்ஸ்ல போறா.” தங்கை என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“போறால்ல? கியர அப்புறம் மாத்திக்கலாம்” என்றார் பிசியோதெரபிஸ்ட்.

நடப்பாளா? டாக்டருக்கே இன்னும் தெரியாது. கதை எழுதுகிறவன் என்பதற்காக எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

குண்டூசி பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டி நிற்கிறாள். எங்கள் நால்வரையும் நம்பிப் பயனில்லை என்று கண்டுகொண்டாள். இப்போது உங்களைப் பார்க்கிறாள்.

கொஞ்சம் அந்தச் சுவரை நகர்த்துங்களேன்.