மூன்று சுவர் கூடும் இடம்

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட பெண்கள் சமையலறையில் முட்டிக்கொள்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த வீட்டில் பெரியவளும் சின்னவளும் முட்டிக்கொண்டது குவாண்டம் கணக்கில். இருவருக்கும் ஒரே இயற்பியல் துறையில் வேலை. கொழுந்தனுக்குச் சின்னவளைப் பேசி முடித்ததே பெரியவள்தான்.

மூன்று துகள் கூட்டங்கள் தமக்குள் எவ்வளவு பிணைந்திருக்கின்றன என்று அளக்க வேண்டும். ஜோடிப் பிணைப்பை அளந்துவிடலாம். மூன்றும் சேர்ந்தால் மட்டுமே இருக்கிற பிணைப்புதான் பிடி கொடுக்காமல் நழுவியது. அதனால் ஹோலோகிராபி வழியைப் பிடித்தார்கள். துகள்களை ஓர் அறையின் சுற்றுச்சுவராக வைத்துக்கொள்வது. ஈர்ப்புவிசை ஆளும் அந்த அறைக்குள் ஆகச் சிறிய தடுப்பை எழுப்பினால், அதன் பரப்பே பிணைப்பின் அளவு.

ஒருத்தி கணக்கை மற்றவள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. ஒப்பிட்டபோது விடைகள் ஒட்டவில்லை.

"உன்னுது குறையுதுடி. எங்கயோ கோட்டை விட்டிருக்கே."

"இல்லக்கா, நீங்கதான் எதையோ ரெண்டு தடவ கூட்டியிருக்கீங்க."

அன்றிலிருந்து பேச்சு நின்றது. சாப்பாட்டு மேசையில், "அக்காவை உப்பைத் தள்ளச் சொல்லுங்க அத்தை" என்றாள் சின்னவள்.

"என்னடி, தனிக்குடித்தனம் போற யோசனையா?" என்றார் மாமியார், உப்பைத் தானே எடுத்துக் கொடுத்தபடி.

பெரியவளின் தப்பைக் கண்டுபிடித்து மூக்கை உடைத்தே தீருவது என்று, மறுநாள் துறையில் அவள் கணக்கை வரிவரியாகப் போட்டுப் பார்த்தாள் சின்னவள். தப்பு அகப்படவில்லை. பெரியவள் அறையை மூன்றாக ஒரே மூச்சில் பிரித்திருந்தாள். மூன்று சுவர்களும் நடுவில் ஒரு புள்ளியில் கூடின. சின்னவளோ ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாக அடைத்து, எல்லாவற்றையும் கூட்டி, ஒவ்வொரு ஜோடிப் பிணைப்பும் இரண்டு தடவை வந்துவிடும் என்று பாதியாக்கியிருந்தாள். ஜோடிப் பிணைப்பு மட்டும் என்றால் இரண்டு விடையும் ஒன்றாக இருந்திருக்கும்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பெரியவளின் அறைக்கு ஓடினாள்.

"அக்கா, உங்க கணக்கு சரி."

பெரியவள் கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப உன்னுது?"

"அதுவும் சரிதான். ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிங்க. அந்த மிச்சம்தான் மூணுக்கும் பொதுவான பிணைப்பு!"

பெரியவள் கழித்துப் பார்த்தாள். பங்குகளை மாற்றி மாற்றிப் போட்டும் மிச்சம் ஒருமுறைகூடப் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை; அளவுகோல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். மெல்ல அவள் முகம் மலர்ந்தது.

"அடிப்பாவி! விடையைக் கையில வெச்சுக்கிட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தோம்?"

சின்னவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான்கு கூட்டங்கள் என்றால் சுவர்கள் எப்படிக் கூடும் என்று பேசிக்கொண்டே நின்றதில் பேருந்தைத் தவறவிட்டார்கள். பரவாயில்லை என்று நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.