காயப் பதிவேடு

டாக்டர் என் நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு தடவைகூடச் சிரிக்காமல் படித்தார். கல்லூரியில் இதே நோட்டை நான் வாசிக்கக் கேட்டு ஒருவன் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து கீழே விழுந்திருக்கிறான்.

பக்கத்து நாற்காலியில் அம்மா இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரணை அந்தக் கைகளைப் பற்றித்தான். விரல்களில் உணர்ச்சி எவ்வளவு மிச்சம், போனது திரும்புமா.

அம்மாவுக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. மற்ற நேரமெல்லாம் பழைய தொலைபேசிகள்தான். பழைய சாமான் கடையில் எங்கேயாவது ஒரு செத்த போன் கிடந்தால் அவளுக்கு மூக்கில் வியர்க்கும். தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் கிடத்தி, வயிற்றைத் திறந்து, துருவைச் சுரண்டி, அறுந்த ஒயரைப் பற்றவைத்து, மணி அடிக்கிறவரை விடமாட்டாள். அப்படிப் பதினாலு போன்கள் சேர்ந்துவிட்டன. அப்பா ஒருநாள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "வீட்டுல பதினாலு போன் இருக்கு. சாப்பிட வாங்கன்னு ஒண்ணாவது என்னைக் கூப்பிட்டிருக்கா?"

"நீங்க கூப்பிடாமயே வந்துடுறீங்களே" என்றாள் அம்மா.

இந்த வேலையில் அடிபடாமல் இருக்க முடியாது. அம்மா அடிபட்டால் சும்மாவும் இருக்கமாட்டாள். அடித்த பொருளை நிற்கவைத்துத் திட்டுவாள். அதை வீணாக்கக் கூடாது என்று ஒரு நோட்டு போட்டேன். நான்கு கட்டங்கள்: தேதி, போன், காயம், அம்மா சொன்னது. கடைசிக் கட்டத்துக்காகத்தான் மற்ற மூன்றும்.

கறுப்பு மேஜை போன். டயலின் சுருள்வில் தெறித்து மூக்கில் கீறல். அம்மா சொன்னது: "நாப்பது வருஷம் சும்மா கெடந்துட்டு இப்பத்தான் உனக்குத் துள்ளல் கேக்குதா?"

சுவர் போன். ஆணி கழன்று தலையில் விழுந்தது. அம்மா சொன்னது: "ஒரு தடவை மணியடிச்சுட்டு விழக்கூடாதா, சனியனே!"

தந்தநிற போன். பற்றவைக்கும் கம்பியைச் சூடான பக்கமாகப் பிடித்தது. அம்மா சொன்னது: எழுத்தில் கொண்டுவர இயலாது, கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

இந்த வருடம் தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் மெலிந்துகொண்டே வந்தது. "ச்சே" என்று ஒன்று. "அட" என்று ஒன்று. அப்புறம் வெறும் கோடு. கட்டைவிரலில் கொப்புளம், கோடு. உடைந்த ரிசீவரின் விளிம்பு ஆள்காட்டி விரலைக் கிழித்து, மேஜைவிரிப்பெல்லாம் ரத்தம், கோடு. அன்றைக்கு நான்தான் பார்த்துவிட்டுக் கத்தினேன். அம்மா, யார் கையோ என்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்தேன்: "அம்மாவுக்கு வசனம் தீர்ந்துவிட்டது. இனி மௌனப் படம்." கல்லூரி விழாவில் வாசித்தபோது அதிகம் கைதட்டு வாங்கிய வரி அது.

போன சனிக்கிழமை மத்தியானம் ஒரு பச்சை போனைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மணிக்கு மின்சாரம் கொடுக்க அம்மா ஒரு சின்னப் பெட்டி செய்துவைத்திருக்கிறாள். பொத்தானை அழுத்தினால் அதோடு இணைத்த போன்கள் எல்லாம் அடிக்கும். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க மீட்டர் இருக்கிறது. அம்மா அதைத் தொடமாட்டாள். இரண்டு விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, இரண்டு முனையிலும் வைப்பாள். சுரீர் என்று இழுக்கும், "வருது, வருது, நாசமாப்போக!" என்று கையை உதறுவாள். பதினாலு போனுக்கும் அப்படித்தான்.

நான் பொத்தானை அழுத்தினேன். ஏற்கெனவே இணைத்திருந்த கறுப்பு போன் கணகணவென்று அடித்தது. பச்சை போன் பேசவில்லை. அம்மா விரல்களை ஈரமாக்கி முனைகளில் வைத்தாள்.

"இதுல வரலடா."

"நல்லா வெச்சுப் பாரும்மா."

"வெச்சுட்டுத்தான் இருக்கேன். ஒயர்தான் எங்கயோ அறுந்திருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். அவளுடைய இரண்டு விரல்களும் முனைகளின்மேல் தானாகத் துள்ளிக்கொண்டிருந்தன, தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி. முகம் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்து, எந்த ஒயர் அறுந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அவள் கையைத் தள்ளிவிட்டு என் விரலை வைத்தேன். தோள்வரை அடித்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

அதை நான் நோட்டில் எழுதவில்லை.

டாக்டர் நோட்டை மூடினார். "கடைசிக் கட்டத்துல கோடு போட்டிருக்கீங்களே, அப்படின்னா?"

"அம்மா ஒண்ணும் சொல்லலன்னு அர்த்தம் சார்."

"முதல் கோடு ஏழு மாசத்துக்கு முன்னாடி."

"ஆமா சார்." ஏழு மாதத்தையும் தேதிவாரியாக, ஒன்று விடாமல், நானே குறித்துவைத்திருந்தேன்.

அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு ஊசியை எடுத்தார். "குத்தினதும் சொல்லுங்கம்மா."

சுட்டுவிரல். நடுவிரல். கட்டைவிரல். மறுபடியும் சுட்டுவிரல். அம்மா நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க ஆரம்பிங்க டாக்டர், எனக்குப் பயமெல்லாம் இல்ல" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

"கால் எப்படிம்மா?"

"அது எப்பவோ மரத்துப்போச்சு. லேப்ல நாள்பூரா நிக்கிறோம்ல, அதனாலன்னு விட்டுட்டேன்."

ரத்தத்தில் சர்க்கரை பல வருடமாக ஏறிக் கிடந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. நரம்பில் போனது பெரும்பாலும் திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம் என்றார். மாத்திரை எழுதினார். சூடு, மின்சாரம், கூர்மையான எதுவும் கைக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

"அதெல்லாத்தையும் எடுத்துட்டா போன்ல வேற என்ன டாக்டர் இருக்கு?" என்றாள் அம்மா. கேலியாக அல்ல. பதில் தெரிந்தால் சொல்லட்டும் என்றுதான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பற்றவைக்கும் கம்பியையும் அந்தப் பெட்டியையும் அலமாரியின் உச்சியில் வைத்தார். மேஜையைத் துடைத்துத் தட்டு வைத்தார். பல வருடங்களுக்குப் பிறகு மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த மேஜையை யாரும் பாராட்டவில்லை.

மறுநாள் காலையில் அம்மா பச்சை போனை எடுத்துவைத்தாள்.

"ஒயரை நீ முறுக்கிக் குடுத்துடு. மணிக்கிண்ணத்துக்கு ஒரே ஒரு திருகு பாக்கி. அதுல சூடு இல்ல, கரண்டு இல்ல. டாக்டர் திருகைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

சொல்லவில்லைதான். ஒயரைச் சேர்த்துக் கொடுத்தேன். அம்மா பித்தளைத் திருகைக் கண்ணால் பார்த்துப் பார்த்து விரல்களுக்கு நடுவே நிறுத்தி, கையைப் போனின் அடிவயிற்றுக்குள் விட்டாள். உள்ளே போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அங்கே விரல்தான் பார்த்திருக்கிறது.

திருகு தரையில் விழுந்து, ஒரு தடவை குதித்து, நாற்காலிக் காலருகே நின்றது. அதே நேரம் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திருகு விழுந்தது அம்மாவுக்குக் கேட்கவில்லை.

அவள் திருகிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று உரசிச் சுற்றின. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மரை பிடிச்சுடுச்சுன்னு நெனக்கிறேன்" என்றாள்.

நான் காலை நகர்த்தித் திருகின்மேல் வைத்தேன்.

"பிடிச்சுதாடா?"

"ம். பிடிச்சுடுச்சும்மா."

விரல்கள் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றின. பிறகு நின்றன. அம்மா தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டேனே" என்றாள். "நீ ஏன்டா ஒண்ணும் கிண்டல் பண்ணல?"

நான் திருகின்மேலிருந்து காலை எடுக்கவில்லை. அம்மா தன் கையைப் போனுக்குள்ளிருந்து மெதுவாக வெளியே எடுத்து, விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.