ஹபாகாத் எழுத்து

மரிகினா ஊரில் ஹபாகாத் என்ற எழுத்துருவைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கூடத் தாண்ட முடியாது. ரொட்டிக்கடைப் பலகை, தேர்தல் பேனர், சாவு அறிவிப்பு எல்லாம் அதில்தான். எழுத்துக்குத் தூண் மாதிரி தடித்த உடம்பு, அதை ஒட்டி மயிரிழைக் கோடு, ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகன்ற பாதம். பெரிதாகப் போட்டால் ராஜகம்பீரம், சிறிதாக்கினால் கூழாகிவிடும். தடித்த உடம்பை வரைந்தவன் அன்செல்மோ. மெல்லிய கோடும் பாதமும் ரொசெண்டாவுடையவை. ஒரே மேசையில் உட்கார்ந்து, முட்டிக்கொண்டு, சமாதானமாகி, வரைந்து முடித்து ஊருக்கே இலவசமாகக் கொடுத்தார்கள்.

பிறகு அவன் டொராண்டோ போனான். திரும்பி வந்ததும் கல்யாணம் என்றான். செய்திகள் வரவரக் குறைந்து நின்றே போயின. ரொசெண்டா காத்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளாத வீம்பு வேறு.

அவள் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஒரு மதியம் அன்செல்மோவின் தங்கை மரிபெல் வந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை அண்ணன் வர்றான். கேட்ல கட்ட வரவேற்பு ஃப்ளெக்ஸ் வேணும். வேன் திரும்பும்போதே பேரு தெரியணும்."

ரொசெண்டா வேறெதையும் யோசிக்காமல் ஹபாகாத்தில் அவன் பெயரை அடித்தாள். திரை நிறைய அவன் நின்றான்.

"கூடவே நெரிசான்னு போடுங்கக்கா. அண்ணி. அங்கயே ரெஜிஸ்டர் கல்யாணம் முடிச்சுட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான், சொன்னான்," என்று பொய் சொன்னாள்.

நெரிசாவையும் அடித்தாள். நடுவே & குறியைத் தட்டினால் வெறும் கட்டம் வந்தது. அந்த ஒன்றை மட்டும் அவளும் அன்செல்மோவும் வரையவே இல்லை. அதன் வளைவை யார் வரைவது என்று சண்டை. நம்ம கல்யாணப் பத்திரிகைக்குச் சேர்ந்தே வரைஞ்சுக்கலாம் என்று தள்ளிவைத்தவன் அவன்தான்.

"அது ஒண்ணை வேற ஃபாண்ட்ல போட்டுடுங்க. யார் பாக்கப் போறா?"

"உங்கண்ணன் பாப்பான். நீ போய் ஏதாவது சாப்பிட்டு வா."

மரிபெல் போனதும் அழுதாள். அழுதுகொண்டே வரைந்தாள். இந்த முறை தடித்த உடம்பும் அவள் கைதான்.

சனிக்கிழமை அவன் வீட்டுக்கு எதிர்ச்சாரி ரொட்டிக்கடையில், வாங்க ஒன்றுமில்லாமல் நின்றாள். வேன் வந்தது. அத்தனை பேரும் ஃப்ளெக்ஸுக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நெரிசா கூப்பிடக் கூப்பிட, அன்செல்மோ அண்ணாந்து பார்த்தபடியே நின்றான்.

அன்று சாயங்காலம், எத்தனையோ நாளுக்குப் பிறகு, அவனிடமிருந்து செய்தி.

"குறி நல்லா வந்திருக்கு ரொசி. ஆனா ரெண்டு பக்கமும் இடைவெளி ஜாஸ்தி. பேரு ரெண்டும் தனித்தனியா நிக்குது."

அவளுக்கும் அது தெரியும். நெருக்கி வைக்க முயலாமல் இல்லை, விரல்தான் நகரவில்லை. 'மனசு வரல' என்று அடித்தாள். அதை அழித்துவிட்டு எழுதினாள்:

"சரி பண்ணிடறேன்."